24 மி.மீ. 27 ஆகிவிட்டது, கட்டி வளர்கிறதா டாக்டர்?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார், பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான். அவருடைய அக்காவுக்கு 43 வயது. இடது மார்பில் கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, டிரிப்பிள் நெகட்டிவ் வகை, அதாவது இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்-2 என்ற புரதமும் மிகுதியாக இல்லாத வகை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்தில் எடுத்த மேமோகிராமில் கட்டி 28 மி.மீ., அல்ட்ராசவுண்டில் 24, எம்.ஆர்.ஐ.யில் 33. இரண்டு கீமோ முடிந்ததும், அலைச்சல் வேண்டாமே என்று ஊருக்குப் பக்கத்தில் வேறொரு சென்டரில் அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கிறார்கள், அதில் 27. அவர் எழுதுகிறார்: "24 இருந்தது 27 ஆகிவிட்டது, கீமோ வேலை செய்யவில்லை, நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாம் என்கிறார் அத்தான். 33 இருந்தது 27 ஆகியிருக்கிறது, நன்றாகத்தான் குறைகிறது என்கிறான் பெரியம்மா மகன். யார் சொல்வது சரி டாக்டர்? மூன்றாவது கீமோ அடுத்த வாரம்." இதோடு பெட் ஸ்கேன் எடுக்கலாமா, மேமோகிராமில் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகள் கீமோவில் கரையுமா, மேமோகிராமில் அழுத்தியதால் நோய் பரவியிருக்குமா என்றும் கேட்டிருக்கிறார். இரண்டு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், அது பெரிய உதவி.

அம்மா, முதலில் அவசரமான பதில். இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து மூன்றாவது கீமோவை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா மருந்தை மாற்றுவதா என்பது உங்கள் ஆன்காலஜிஸ்ட் அக்காவைக் கையால் தொட்டுப் பார்த்து, சரியான ஸ்கேனையும் பார்த்த பிறகு எடுக்கவேண்டிய முடிவு. அவருக்கு இந்த 27 தெரியுமா, தெரியாதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. தெரியாது என்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அத்தானும் தவறு, பெரியம்மா மகனும் தவறு. தம்பி சொல்வது காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனாலும் அவர் எம்.ஆர்.ஐ. அளவிலிருந்து அல்ட்ராசவுண்ட் அளவைக் கழிக்கிறார், அந்தக் கணக்குக்கு அர்த்தமே கிடையாது. அத்தான் அல்ட்ராசவுண்டோடு அல்ட்ராசவுண்டைத்தான் ஒப்பிடுகிறார், அந்த வரைக்கும் பரவாயில்லை, ஆனால் சென்டர் வேறு, மெஷின் வேறு, அளந்த கை வேறு.

நான் ரேடியாலஜிஸ்ட், அளப்பதுதான் எனக்குப் பாதி வேலை. அல்ட்ராசவுண்டில் அந்த அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்று சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். ஜெல்லைத் தடவி, புரோபை மார்பின் மேல் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே போவோம். கட்டி கருப்பாகத் தெரியும், ஓரம் முள்முள்ளாக இருக்கும், சில கட்டிகளைச் சுற்றி வெளுப்பாக, மங்கலாக ஒரு வளையமும் இருக்கும். கட்டிக்கு அடியில் நிழல் விழுந்து பின்பக்க ஓரம் தெரியாமலே போவதும் உண்டு. இதிலேயே பெரியதாகத் தெரிகிற கோணம் இதுதான் என்று அளப்பவருக்குத் தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, டிராக்பாலை உருட்டி ஒரு ஓரத்தில் ஒரு பிளஸ் குறி, எதிர் ஓரத்தில் இன்னொரு பிளஸ் குறி வைப்போம், நடுவில் இருக்கும் தூரத்தை மெஷின் சொல்லும். இப்போது அந்த வெளுப்பு வளையத்தைச் சேர்ப்பதா, விடுவதா? சேர்க்கவேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லோரும் சேர்ப்பதில்லை. புரோபைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு அளவு, கொஞ்சம் அழுத்தினால் ஒரு அளவு. ஒரே கட்டியை இரண்டு பேர் அளந்து 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் எங்களில் யாரும் புருவத்தைத் தூக்கமாட்டோம்.

அக்காவின் கட்டி உருண்டையாக இருந்தால்கூட இவ்வளவு குழப்பம் இருக்காது. இது இஞ்சித் துண்டு மாதிரி, இங்கே ஒரு விரல் அங்கே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் அளக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் நீளம்.

இப்போது நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளுக்கு வருகிறேன். முதல் ரிப்போர்ட்டில் 24 x 18 x 16 என்று இருக்கிறது. இரண்டாவதில் 27 x 14 x 13. வீட்டில் எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்! நீளம் 3 மி.மீ. கூடியிருக்கிறது, மற்ற இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது. மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கன அளவு கிடைக்கும், முட்டை வடிவத்துக்கான பழைய சூத்திரம்தான். முதலாவது ஏறக்குறைய 3.6 மி.லி., இரண்டாவது 2.6 மி.லி. அதாவது இதே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கட்டி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்றும் ஒருவர் வாதாடலாம். நான் அப்படி வாதாடப்போவதில்லை, ஏனென்றால் 3 மி.மீ. நீளக் கூடுதலை நம்பமுடியாது என்றால் 4 மி.மீ. அகலக் குறைவையும் முழுசாக நம்பக்கூடாது, பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும். இந்தக் காகிதத்திலிருந்து 'வளர்ந்தது' என்றும் சொல்லமுடியாது, 'சுருங்கியது' என்றும் சொல்லமுடியாது. அவ்வளவுதான் இதன் மதிப்பு.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துகிற விஷயங்கள் வேறு. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டதாக ஒரு வரியும் இல்லை, நீங்கள் பழைய படங்களைக் கொடுக்கவில்லையோ அவர்கள் கேட்கவில்லையோ. முதல் ரிப்போர்ட்டில் "2 மணி இடத்தில், காம்பிலிருந்து 4 செ.மீ." என்று, மார்பைக் கடிகார முகமாக நினைத்து, துல்லியமாக இருக்கிறது, இரண்டாவதில் "மேல் வெளிப்பக்கம்" என்பதோடு சரி. அக்குளைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் ஸ்கேனில் அக்குளில் ஒரு நெறி தடித்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள், மேலோட்டின் தடிமன் 5 மி.மீ. என்று. பொதுவாக 3 மி.மீ.க்கு மேல் போனால்தான் சந்தேகப்படுவோம். அந்த நெறி இப்போது எப்படி இருக்கிறது என்பது கட்டியின் அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உள்ள செய்தி, அதை விட்டுவிட்ட ஸ்கேனை நான் அரை ஸ்கேன் என்றுதான் சொல்வேன்.

சரி, எவ்வளவு மாறினால் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வோம்? மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் ரெசிஸ்ட் என்ற விதிமுறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, இப்போது பயன்படும் 1.1 பதிப்பு 2009இல் வந்தது. அதன்படி நீளம் 30 சதவீதமாவது குறைந்தால்தான் மருந்துக்குக் கட்டி ஓரளவு கட்டுப்படுகிறது என்று பதிவு செய்யலாம். வளர்ந்துவிட்டது என்று சொல்ல, அதுவரை பதிவான மிகச் சிறிய அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடியிருக்கவேண்டும், அதோடு குறைந்தது 5 மி.மீ. கூடியிருக்கவும் வேண்டும், அல்லது புதிதாக வேறு இடத்தில் கட்டி முளைத்திருக்கவேண்டும். அந்த 5 மி.மீ. நிபந்தனையைச் சேர்த்ததே இந்த மாதிரி அளவுப் பிழைகளைப் பார்த்து யாரும் பதறக்கூடாது என்றுதான். அக்காவுக்குக் கூடியிருப்பது 3 மி.மீ., பன்னிரண்டரை சதவீதம். 20 சதவீதம், 5 மி.மீ. என்ற இரண்டு வரம்பையும் தொடவில்லை. 30 சதவீதக் குறைவு என்றால் கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள், உருண்டையான கட்டி ஒன்று 30 மி.மீ.யிலிருந்து 21 ஆனால் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கு.

முதலிலேயே மூன்று ஸ்கேனில் மூன்று அளவு வந்ததே என்று அக்கா பயந்தாராம். மேமோகிராம் மார்பைத் தகடுகளுக்கு நடுவே தட்டையாக்கி எடுக்கும் எக்ஸ்ரே, கட்டியும் அதன் மேலும் கீழும் இருக்கும் திசுவும் ஒரே நிழலாக விழும், 43 வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருந்தால் கட்டியின் ஓரம் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும் இடங்களைப் பார்க்கிறோம், ஆகவே மற்ற இரண்டிலும் தெரியாத கிளைகளும் தெரியும், சில சமயம் பயாப்ஸி ஊசி போட்ட இடத்துக் கசிவும் வீக்கமும் சேர்ந்து கொஞ்சம் பெரிதாகக் காட்டும். மூன்றும் மூன்று விதமான பொருளைப் பார்க்கின்றன, மூன்று எண் வரத்தான் செய்யும். ஒரு ஆறுதல், 24, 28, 33 மூன்றுமே 20க்கு மேல், 50க்குள். நோயின் கட்டத்தைக் கணக்கிடும்போது மூன்றும் டி2 என்ற ஒரே பெட்டிக்குள்தான் விழுகின்றன, எதை எடுத்துக்கொண்டாலும் அதில் மாற்றம் இல்லை.

கீமோவின்போது கட்டி குறைகிறதா என்று பார்க்க இருக்கும் கருவிகளில் எம்.ஆர்.ஐ.தான் பெரும்பாலும் மிக நெருக்கமான பதிலைத் தருகிறது. அமெரிக்காவில் ஐ-ஸ்பை என்ற ஆய்வில், 3 செ.மீ.யும் அதற்கு மேலும் கட்டி இருந்த 200க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கீமோவுக்கு முன்பும் நடுவிலும் முடிவிலும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலா ஹில்டன் என்பவர் தலைமையில். 2012இல் வெளியான அதன் முடிவு, மருத்துவர் கையால் தொட்டு அளப்பதைவிட எம்.ஆர்.ஐ. நன்றாகக் கணிக்கிறது, அதிலும் நீளத்தைவிடக் கன அளவு, அதிலும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடுத்த கன அளவு. உங்கள் கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது, அக்கா இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

ஆகவே என் யோசனை, முதல் எம்.ஆர்.ஐ. எடுத்த அதே மதுரை சென்டரில், அதே மெஷினில், இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று ஆன்காலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். செலவு ஒரு பிரச்சினைதான், தெரியாமல் சொல்லவில்லை. அவர் இப்போதே வேண்டாம், நான்கு கீமோ முடியட்டும் என்று சொன்னாலும் அது தப்பில்லை, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், அவர் கையால் தொட்டுப் பார்ப்பதையும் மதிப்பில்லாதது என்று நினைக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. கட்டுப்படியாகாது என்றால், முதல் அல்ட்ராசவுண்ட் எடுத்த இடத்திலேயே, முடிந்தால் அதே டாக்டரிடமே, மார்பும் அக்குளும் சேர்த்துத் திரும்ப எடுங்கள். போகும்போது பழைய படங்களின் சி.டி.யைக் கொண்டுபோங்கள், காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. சி.டி. இருந்தால் நாங்கள் பழைய படத்தைத் திறந்து அதே கோணத்தில் நாங்களே மறுபடி அளந்து ஒப்பிடுவோம், அந்த ஒப்பீட்டைத்தான் நம்பலாம். ரிசப்ஷனில் "ஒப்பிட்டு எழுதித் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அது அவர்கள் பிரச்சினை.

எம்.ஆர்.ஐ. எடுக்கப்போகிறார் என்றால் அக்காவிடம் சொல்லிவையுங்கள், குப்புறப் படுக்கவேண்டும், மார்பு இரண்டும் மேசையில் உள்ள குழிகளுக்குள் தொங்கும், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், சத்தம் காதைப் பிளக்கும், காதில் அடைக்கப் பஞ்சோ ஹெட்போனோ கொடுப்பார்கள். போன தடவையே பட்டிருப்பார். அசையாமல் இருக்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தை ஏற்றிய பின் எடுத்த படத்திலிருந்து கம்ப்யூட்டர் கழிக்கும், கழித்த பிறகு மிஞ்சி வெளிச்சமாகத் தெரிவதுதான் கட்டி. நடுவில் இருமினாலோ தோளை நகர்த்தினாலோ இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது, ஓரமெல்லாம் இரட்டையாகி, நாம் எதற்காகப் போனோமோ அந்த அளவே கெட்டுவிடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள், கீமோவுக்காக எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டால் இன்னொரு குத்து மிச்சம்.

கட்டியின் அளவு மாறாமலே உள்ளே செல்கள் சாவதும் நடக்கும். நடுப்பகுதி இறந்து, ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும், அளந்தால் அதே 27தான் வரும். எம்.ஆர்.ஐ.யிலேயே டிஃப்யூஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு மருந்துகூட வேண்டாம், திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று பார்க்கும். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நகராது, செல்கள் செத்து இடம் விட்டால் நகரும், சில சமயம் அளவு குறைவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். அதனால் ரிப்போர்ட் வந்ததும் எத்தனை மி.மீ. என்று மட்டும் தேடாமல் டாக்டரை உட்காரவைத்து முழுசாகக் கேளுங்கள். எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை. டிரிப்பிள் நெகட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் வகைகள் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் சேர்ந்து உள்நோக்கிச் சுருங்கும், அளப்பது சுலபம். ஹார்மோன் சார்ந்த கட்டிகள் பல, அங்கங்கே திட்டுத் திட்டாக உடையும், ஒரு கோடி முதல் மறு கோடி வரை அளந்தால் பழைய அளவேதான் இருக்கும், எம்.ஆர்.ஐ.யும் அங்கே கொஞ்சம் தடுமாறும். அக்காவுடையது முதல் வகை என்பது அளப்பவர்களுக்கு வசதி.

பூசி மெழுகாமல் இதையும் சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும்போதே உண்மையாகவே வளர்கிற கட்டிகளும் உண்டு. நூற்றில் ஒரு சிலருக்குத்தான், ஆனால் உண்டு, டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் மற்ற வகைகளைவிடக் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருப்போம். அக்கா குளிக்கும்போது கட்டி முன்பைவிடப் பெரிதாக, கெட்டியாகத் தட்டுப்படுகிறதா, தோல் சிவந்து தடிக்கிறதா, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ புதிதாக நெறி கட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைக்கே கிளம்புங்கள். உண்மையாகவே வளர்கிறது என்று உறுதியானால் மருந்தை மாற்றுவார்கள், அல்லது ஆபரேஷனை முன்னுக்குக் கொண்டுவருவார்கள், வழி இருக்கிறது. ஒரு வழியும் இல்லாமல் போவது சிகிச்சையையே விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதுதான். அத்தானிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. மேமோகிராமில் அழுத்துவதால் புற்றுநோய் பரவாது, வலிக்கும், அவ்வளவுதான். பெட் ஸ்கேன் நோய் நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று வேறு எங்காவது போயிருக்கிறதா என்று தேடுவதற்கு நல்லது, அதுவும் சந்தேகம் இருப்பவர்களுக்கு. மார்புக் கட்டியை மாதாமாதம் அளக்க அது தேவையில்லை, கதிர்வீச்சும் உண்டு, பணமும் தண்ணீராகச் செலவாகும். டாக்டர் கேட்காமல் நீங்களாகப் போய் எடுக்காதீர்கள்.

சுண்ணாம்புப் புள்ளிகள் கீமோவில் கரையாது. கட்டி முழுக்கச் செத்துப்போனாலும் அவை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும், அதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. ஆனால் அந்தப் புள்ளிகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பது சர்ஜனுக்கு முக்கியம், சந்தேகப்படும்படியான புள்ளிகள் உள்ள பகுதியை ஆபரேஷனில் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், எம்.ஆர்.ஐ.யில் கட்டி மறைந்துவிட்டது என்று வந்தாலும்கூட. எம்.ஆர்.ஐ.யில் மறைந்ததும் உண்மையில் மறைந்ததும் எப்போதும் ஒன்றல்ல, எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் அது தெரியும். மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன மருந்து என்பதும் மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்கிறேன். கட்டிக்குள் கிளிப் வைத்தார்களா? அரிசியைவிடச் சின்னதாக ஒரு டைட்டானியம் துண்டு, ஊசி வழியாகக் கட்டியின் நடுவில் விட்டுவிடுவார்கள். அக்கா போன்றவர்களுக்குக் கீமோ நன்றாக வேலை செய்தால் கட்டி ஸ்கேனில் அடையாளமே தெரியாமல் போய்விடும் சாத்தியம் உண்டு, அப்போது மார்பை முழுசாக எடுக்காமல் அந்த இடத்தை மட்டும் எடுக்க சர்ஜனுக்கு இடம் தெரியவேண்டும், கிளிப்தான் அதைக் காட்டும். நீங்கள் அனுப்பியவற்றில் கிளிப் பற்றி எங்கும் இல்லை. வைக்கவில்லை என்றால் கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே வைத்துவிடவேண்டும், வாங்கும் செலவு அதிகம் என்றால் ஆபரேஷனில் ரத்தக்குழாயை மூடப் பயன்படுத்தும் சாதாரண உலோகக் கிளிப்பையே ஊசி வழியாக விட்டுச் சமாளிக்கிறவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். மூன்றாவது கீமோவுக்குப் போகும் அன்றே இதைக் கேட்டுவிடுங்கள், சி.டி.யையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். புது ரிப்போர்ட் வந்ததும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.